28 நாள் மாதம், 61 நாள் தடை: காசிமேட்டுக் குடும்பம் ஒன்றின் கைப்பேசிக் கணக்கு

2025 ஏப்ரல் 12 அன்று, விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் தொடங்க மூன்று நாட்கள் இருந்தபோது, காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்கும் பெண்மணி ஒருவர் நான்கு கைப்பேசிகளையும் ஒரு நாற்பது பக்க நோட்டையும் எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். வங்கிப் படிவம், நலவாரிய விண்ணப்பம் போன்றவற்றை எழுதித் தருவதால் அந்தப் பகுதியில் எனக்குப் பழக்கமானவர்கள் பலர் உண்டு. அவரும் அப்படி வந்தவர்தான். "தம்பி, நாலு போனுக்கும் சேத்து வருசத்துக்கு எவ்ளோ போவுதுன்னு கூட்டிச் சொல்லு. தடை முடியுற வரைக்கும் எதை நிறுத்தலாம்னு பாக்கணும்" என்றார். நோட்டில் 2017 முதல் போட்ட ரீசார்ஜ் தொகைகள், விட்டுவிட்டு, ஆனால் பெரும்பாலும் தேதியுடன் இருந்தன. மீன் ஏலத்தில் எடுத்த தொகையும், ஐஸ் கட்டிக்குக் கொடுத்ததும், இடையிடையே ரீசார்ஜும் என்று ஒரே பக்கத்தில் கலந்து கிடந்த அந்தக் கணக்கைப் பிரித்தெடுக்க எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின.

இந்த ஆய்வு அந்த நோட்டிலிருந்து எழுந்தது. ஒரு குடும்பத்தின் கணக்கை வைத்து வடசென்னை முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கைப்பேசிச் சேவை நிறுவனங்கள் புதிய போனுக்கு மாறுவதை எப்படி ஊக்குவிக்கின்றன, மாறியவரிடமும் மாறாதவரிடமும் எப்படி வசூலிக்கின்றன என்பதை விலைப்பட்டியலை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ள இயலாது; அந்தப் பட்டியல் ஒரு வீட்டின் வரவு செலவோடு மோதும் இடத்தில்தான் அதன் உண்மையான உருவம் தெரிகிறது. குடும்பத்தினர் பெயரையும், அவர்கள் எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் என்பதையும் இங்கே எழுதவில்லை. பொதுவில் அறிவிக்கப்பட்ட கட்டணங்களைக் குறிப்பிடும் இடங்களில் மட்டும் நிறுவனங்களின் பெயர் வருகிறது.

வீடும் நான்கு எண்களும்

குடும்பத் தலைவர் விசைப்படகில் பங்குக்குத் தொழில் செய்பவர். தங்குகடலுக்குப் போனால் ஐந்து முதல் ஏழு நாட்கள் கழித்துத்தான் கரை திரும்புவார். கரையிலிருந்து சிறிது தூரம் போனதுமே கைப்பேசிச் சமிக்ஞை அற்றுவிடும். அதற்கப்பால் படகில் உள்ள வயர்லெஸ்தான் துணை. ஆகவே அவருடைய 4ஜி போன் மாதத்தில் பெரும்பகுதி ஒரு பாலித்தீன் உறைக்குள் அணைந்து கிடக்கும். மனைவிக்கு வியாபாரத்துக்கு இன்று கைப்பேசி இல்லாமல் முடியாது, ஏனெனில் வாங்குபவர்களில் பாதிப் பேர் கியூஆர் அட்டையில் பணம் போடுகிறார்கள், பணம் வந்ததா என்று உடனே பார்த்தாக வேண்டும். மகன் வியாசர்பாடியில் அரசு கலைக் கல்லூரியில் படிக்கிறான். நான்காவது எண் ஆயாவுடையது, அதாவது குடும்பத் தலைவரின் தாயாருடையது. அவரிடம் இருப்பது பட்டன் போன். அதில் அவர் செய்வதெல்லாம் பேசுவதும், முதியோர் உதவித்தொகை வந்ததற்கான குறுஞ்செய்தியை மகனிடமோ பேரனிடமோ காட்டி வாசிக்கச் சொல்வதும்தான்.

வரவு ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்தக் காலத்துக்கு அரசு தரும் நிவாரணம் 2025 நிலவரப்படி குடும்பத்துக்கு 8,000 ரூபாய். படகு வராதபோது கூடை வியாபாரமும் சுருங்கிவிடுகிறது. நாட்டுப் படகு மீனுக்கு விலை ஏறிவிடுவதால் கையில் முதல் அதிகம் இருப்பவர்கள்தான் ஏலத்தில் நிற்க முடியும். இந்த 61 நாட்களை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் கீழே வரும் எந்தக் கணக்கையும் படிக்கக் கூடாது.

முதல் போன், 2017

2017 நவம்பரில், வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில், அந்தப் பெண்மணி தம் முதல் டச் போனை மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கினார். கடைக்காரர் சொன்ன கவர்ச்சி இதுதான்: குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டு, மாதந்தோறும் ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு 36 மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்தால், 18ஆவது மாத முடிவில் ஒரு பகுதியும் 36ஆவது மாத முடிவில் மீதியுமாகக் கணிசமான தொகை திரும்பக் கிடைக்கும், ஆக, போன் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்துவிடும்.

இதில் அந்த நிறுவனத்தைத் தனியாகச் சுட்டிக் காட்டுவதில் பொருளில்லை. அந்த ஆண்டில் களத்தில் இருந்த பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இதே வடிவத்தைக் கையில் எடுத்தன. ஜியோ 2017 ஜூலையில் அறிவித்த ஜியோபோனுக்கு 1,500 ரூபாய் வைப்புத்தொகை. 36 மாதம் கழித்துத் திருப்பித் தரப்படும் என்றது. அக்டோபரில் ஏர்டெல், கார்பன் நிறுவனத்தோடு சேர்ந்து 2,899 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட்போனை விற்று, 169 ரூபாய் ரீசார்ஜைத் தொடர்ந்து செய்பவருக்கு 18 மாதத்தில் 500, 36 மாதத்தில் 1,000 என்று திருப்பித் தருவதாகச் சொன்னது. வோடபோன் மைக்ரோமேக்ஸோடு சேர்ந்து இதே போன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. இன்னும் பின்னால் போனால், 2003 ஜூலையில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 501 ரூபாய் கட்டினால் போனும் இணைப்பும் கையில் என்று அறிவித்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் இன்னும் இருக்கிறார்கள். அந்த போனில் வேறு நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்த முடியாது என்பதையும் சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நோட்டின்படி 2017 நவம்பர் முதல் 2018 ஏப்ரல் வரை ஆறு ரீசார்ஜ்களும் முறையாக நடந்துள்ளன. 2018 மே, ஜூன் இரண்டு மாதங்களுக்கும் எதுவும் இல்லை. காரணம் தடைக்காலம்தான். அன்றைய நடைமுறைப்படி அது முட்டாள்தனமான முடிவும் அன்று. அப்போது ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் இன்கமிங் வந்துகொண்டிருந்தது. பேச வேண்டியவர்கள் கூப்பிடுவார்கள், இவர் கூப்பிட வேண்டுமானால் ஒரு 'மிஸ்டு கால்' போதும். ஆனால் 2019 மே மாதம் 18 மாதம் முடிந்து முதல் தொகையைக் கேட்டபோது, நிபந்தனை இரு மாதங்களில் முறிந்துவிட்டதாகப் பதில் வந்தது. புகார் எண்ணிலும் அதன் பிறகு மேல்முறையீட்டிலும் அதே பதில்தான். நிபந்தனைத் தாள் அவரிடம் இல்லை. கடையில் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முழுக்க ஆங்கிலம், எழுத்தின் பருமன் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை ஒத்திருந்தது. நிறுவனம் பொய் சொல்லவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். 'தொடர்ந்து' என்ற சொல் அங்கே இருந்தது.

என் மனத்தில் தைத்தது வேறொன்று. அந்தத் தாளில் வாடிக்கையாளர் 36 மாதம் செய்ய வேண்டியது எழுதப்பட்டிருந்தது. அந்த 36 மாதங்களிலும் கட்டணம் அதே தொகையாகவே இருக்கும் என்று நிறுவனம் எங்கும் எழுதவில்லை. இந்தியாவில் கைப்பேசிக் கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பெரும்பாலும் நிறுவனங்களிடமே விட்டுவைத்துள்ளது. ஒரு பேக்கை வாங்கிய பிறகு அதன் செல்லுபடிக் காலம் முடியும்வரை விலை மாறாது, அவ்வளவுதான் வாடிக்கையாளருக்கு உள்ள உறுதி. ஆகவே ஒரு தரப்பு 36 மாதத்துக்குக் கட்டுப்படுகிறது, மறு தரப்பு 28 நாளுக்குக் கட்டுப்படுகிறது. 2019 டிசம்பர் முதல் வாரத்தில் பெரிய தனியார் நிறுவனங்கள் எல்லாம் கட்டணத்தை ஏற்றியபோது, 2017இல் இத்தகைய திட்டங்களில் சேர்ந்தவர்கள் இன்னும் தங்கள் 36 மாதத்துக்குள்தான் இருந்தார்கள்.

அமெரிக்காவில் நடந்தது

புதிய போனுக்கு எப்போது, என்ன விலையில் மாறலாம் என்று சேவை நிறுவனமே வகுக்கும் 'புதிய போனுக்கு மாறும் கொள்கை' அமெரிக்காவில் வெளிப்படையாகவே இருந்ததால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே நெடுங்காலம் இரண்டாண்டு ஒப்பந்தம்தான் வழக்கம்: 649 டாலர் மதிப்புள்ள ஐபோனை 199 டாலருக்குத் தருவார்கள், மீதியை மாதக் கட்டணத்துக்குள் புதைத்து வசூலிப்பார்கள், அடுத்த போனைச் சலுகை விலையில் வாங்க எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதையும் அவர்களே வகுப்பார்கள். அந்தக் காத்திருப்பை 2013இல் அங்குள்ள பெரிய சேவை நிறுவனங்களான ஏடி அண்ட் டியும் வெரிஸானும் 20 மாதத்திலிருந்து 24 ஆக நீட்டின. அதற்கு முந்தைய ஆண்டே வெரிஸான், போனை மாற்றினால் 30 டாலர் கட்டணம் என்று ஆரம்பித்திருந்தது. 2013 மார்ச்சில் டி-மொபைல் ஒப்பந்தத்தைக் கைவிட்டுப் போன் விலையையும் சேவை விலையையும் தனித்தனியாகப் பிரித்தது. 2015 ஆகஸ்டில் வெரிஸானும் 2016 ஜனவரியில் ஏடி அண்ட் டியும் அதே வழிக்கு வந்தன. ஒப்பந்தம் ஒழிந்தது என்று மகிழ்ந்தவர்களுக்குத் தவணை வந்தது. 2022இல் வெரிஸான் தன் தவணையை 36 மாதமாக்கியபோது, பழைய ஒப்பந்தத்தைவிட ஓராண்டு கூடுதலாக வாடிக்கையாளர் கட்டுண்டார். மாற்றிக்கொண்டு போகலாம், ஆனால் மிச்சத் தவணையை ஒரே தடவையில் கட்டிவிட்டு, மாதாமாதம் வரவு வைக்கப்படும் சலுகையையும் இழந்துவிட்டுப் போக வேண்டும்.

நம் ஊரில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டோர் முன்கட்டண வாடிக்கையாளர்கள். அவர்களை ஒப்பந்தத்தால் கட்ட முடியாது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதியும் 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் உள்ளது. எனவே இங்கே புதிய போனுக்கு மாறும் கொள்கை என்ற தலைப்பில் எந்த நிறுவனமும் எதையும் எழுதிவைப்பதில்லை. அந்த வேலையை விலைப்பட்டியலே செய்கிறது. ஆயாவின் பட்டன் போனைப் பார்த்தால் இது விளங்கும்.

பட்டன் போனின் அடித்தள விலை

2018 இறுதிவரை ஆயாவின் எண்ணுக்கு ஆண்டு முழுவதற்கும் ஆன செலவு நோட்டில் நூறு ரூபாய்க்குச் சற்று மேல். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் இன்கமிங் தொடர வேண்டுமானால் 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தன. அதற்குப் பின் அந்த அடித்தள விலை நகர்ந்த விதத்தை ஏர்டெல்லின் அறிவிப்புகளை வைத்தே பார்க்கலாம்: 2021 ஜூலையில் 49 ரூபாய் பேக் நீக்கப்பட்டு 79 ஆனது, அதே ஆண்டு நவம்பரில் 99, 2022 இறுதியில் சில தொலைத்தொடர்பு வட்டங்களில் (மாநில அளவிலான சேவைப் பகுதிகளில்) தொடங்கி 2023இல் பரவலாக 155 (அது 24 நாளுக்கு மட்டும்; 28 நாளுக்கு 179), 2024 ஜூலையில் 199. ஆண்டுக்கு 13 ரீசார்ஜ் என்று வைத்தால் 35 ரூபாய்க்கு 455. 199 ரூபாய்க்கு 2,587.

இதில் தொகை உயர்ந்ததைவிட, தொகைக்குள் என்ன வைக்கப்பட்டது என்பதுதான் கவனிக்கத்தக்கது. அந்த 199 ரூபாய் பேக்கில் வரம்பற்ற அழைப்போடு 2 ஜிபி டேட்டாவும் இருந்தது. ஆயாவின் போனில் நெட் என்ற சங்கதியே கிடையாது. தாம் பயன்படுத்தவே முடியாத ஒன்றுக்கு ஒவ்வொரு 28 நாளும் அவர் காசு கொடுத்தார். ஒரு கட்டத்தில், "இவ்ளோ குடுக்குறதுக்கு ஆயாவுக்கும் ஒரு டச் போன் வாங்கிக் குடுத்துடலாம்" என்று பேரன் சொல்லியிருக்கிறான். இந்த வாக்கியத்தைத்தான் நான் கொள்கை என்கிறேன். யாரும் ஆயாவைப் புதிய போன் வாங்கச் சொல்லவில்லை. பழைய போனை வைத்திருப்பதில் உள்ள லாபத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

நிறுவனங்கள் பக்கத்திலும் வாதம் இருக்கிறது. அலைக்கற்றைக்கும் 4ஜி, 5ஜி கட்டமைப்புக்கும் பெருங்கடன் வாங்கியிருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நடந்த விலைப்போரில் பல நிறுவனங்கள் மூடிப்போயின, சென்னையில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனுப் போட்டது. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கிடைக்கும் சராசரி வருவாய் உயராமல் தொழில் நிற்காது என்பது அவர்களின் நிலைப்பாடு. அது சரியாகவே இருக்கலாம். அந்தச் சராசரியை உயர்த்தும் பாரத்தில் பெரும் விகிதத்தைப் பட்டன் போன்காரர் ஏன் சுமக்க வேண்டும் என்பதற்கு மட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை. 35 ரூபாய் 199 ஆன வேகத்தில் மேல்தட்டுப் பேக்குகள் எவையும் ஏறவில்லை.

இரண்டாவது போனும் மூன்றரை வட்டியும்

2024 மார்ச்சில் மகனுக்கு 5ஜி போன் வாங்கினார்கள். சென்னையில் 2022 அக்டோபரிலேயே ஏர்டெல்லும் ஜியோவும் 5ஜியைத் தொடங்கியிருந்தன. 239 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள எந்தப் பேக் போட்டாலும் 5ஜியில் வரம்பின்றி நெட் என்பது அப்போதைய சலுகை. வகுப்பில் எல்லோரும் மாறிவிட்டார்கள், 4ஜி பேக் போடுகிற அதே காசுக்கு வரம்பில்லாமல் கிடைக்கிறது என்று மகன் சொன்ன காரணம் அன்றைய நிலையில் முற்றிலும் உண்மை.

கடையில் போட்டிருந்த விலை 12,999. 'வட்டியில்லாத் தவணை' என்றார்கள். 3,000 முன்பணம், மீதி 9,999 ரூபாயை மாதம் 1,111 வீதம் ஒன்பது மாதம் கட்ட வேண்டும். அதோடு நடைமுறைக் கட்டணம் 499, உடைந்தால் சரிசெய்து தரும் பாதுகாப்புத் திட்டம் என்று 899, இரண்டும் அன்றைக்கே. அதே போன் அதே வாரத்தில் கடற்கரை ஸ்டேஷன் எதிரே ரொக்கத்துக்கு 11,999 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆக, வட்டி இல்லை என்று சொல்லப்பட்ட கடனுக்காக அந்தக் குடும்பம் கூடுதலாகக் கொடுத்தது 2,398 ரூபாய்.

வட்டியை ஆண்டுச் சதவீதத்தில் சொன்னால் காசிமேட்டில் யாருக்கும் உறைக்காது. நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்றால்தான் புரியும். பாதுகாப்புத் திட்டத்தை ஒரு பண்டமாகவே ஏற்றுக்கொண்டு அதை ஒதுக்கிவிட்டாலும், ரொக்க விலையை அடிப்படையாக வைத்துத் தவணைகளைக் கணக்கிட்டால் இது ஏறக்குறைய மூன்றரை வட்டி. அந்தத் திட்டம் வேண்டாம் என்று சொன்னால் தவணை கிடைக்காது என்று கடையில் கூறியதாக அந்தப் பெண்மணி சொல்கிறார். அப்படியானால் அதையும் கடனின் விலையாகவே கொள்ள வேண்டும், கணக்கு ஆறு வட்டியை நெருங்குகிறது. துறைமுகத்தில் படகுச் செலவுக்குக் கடன் கொடுப்பவர் ஆறு வட்டி கேட்டால் அதற்கு ஊரில் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

இந்தத் தந்திரம் புதியதும் அன்று. 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலேயே ரிசர்வ் வங்கி, வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, வட்டி நடைமுறைக் கட்டணமாக உருமாறி வசூலாகிறது என்று சுட்டிக்காட்டி அத்தகைய விளம்பரத்தைத் தடுத்தது. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் தருபவர் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடனாளிக்குத் தர வேண்டும். இவர்கள் கடன் வாங்கியது அதற்கு ஏழு மாதம் முன்பு. அந்தத் தாள் வந்திருந்தாலும் ரொக்க விலைக்கும் தவணை விலைக்கும் இடையிலுள்ள ஆயிரம் ரூபாய் அதில் ஏறியிருக்காது, ஏனென்றால் அது கடன் கொடுப்பவரின் புத்தகத்தில் இல்லை. கடைக்காரரின் விலைச் சீட்டில் இருக்கிறது.

ஏப்ரல் 15 வந்தது. தவணை அதற்காக நிற்கவில்லை. மே மாத டியூ ஒருநாள் தாமதமாகி அபராதமும் விழுந்தது என்று நோட்டில் சிவப்பு மையில் குறித்திருக்கிறார். இந்த நிலையில்தான் ஜூலை மாத விலையேற்றம் வந்து சேர்ந்தது.

2024 ஜூலை 3 அன்று ஜியோவும் ஏர்டெல்லும், மறுநாள் வோடபோன் ஐடியாவும் கட்டணத்தை ஏற்றின. நாளிதழ்களில் 10 முதல் 27 சதவீதம் என்று வந்தது. ஜியோவின் பட்டியலில் நாளுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் பேக் 239இலிருந்து 299 ஆனது. அது 25 சதவீதம்தான். ஆனால் அதே நாளில் வரம்பற்ற 5ஜி என்பது நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளுக்கு மட்டும் என்று மாற்றப்பட்டது, அதில் குறைந்தது 349. எனவே ஜூலை 2 அன்று 239 ரூபாய்க்கு 5ஜி பயன்படுத்திய ஒருவர், அதையே தொடர வேண்டுமானால் 349 கொடுக்க வேண்டும். அது 46 சதவீத ஏற்றம். நான்கு மாதத்துக்கு முன் எந்தக் காரணத்தைச் சொல்லி அந்த போன் வாங்கப்பட்டதோ அந்தக் காரணம் போய்விட்டது, தவணை மட்டும் இருந்தது.

ஜூலை 1, 2 தேதிகளில் விவரம் தெரிந்தவர்கள் பழைய விலையிலேயே இரண்டு மூன்று ரீசார்ஜ்களை முன்கூட்டியே போட்டு வரிசையில் வைத்துக்கொண்டார்கள். அது முழுக்க நியாயமான வழி. ஆனால் அதற்குக் கையில் ஆயிரம் இரண்டாயிரம் சும்மா இருக்க வேண்டும். தடைக்காலம் முடிந்து இரண்டே வாரம் ஆன ஒரு வீட்டில் அது எங்கிருந்து வரும்?

ஓராண்டுக் கணக்கு

2024 ஜூலைக்கு முன்பு நான்கு எண்களுக்கும் ஆண்டுச் செலவு: ஆயாவுக்கு 179 வீதம் 2,327, மற்ற மூவருக்கும் 239 வீதம் தலா 3,107. மொத்தம் 11,648. ஜூலைக்குப் பிறகு: ஆயாவுக்கு 2,587, பெற்றோர் இருவருக்கும் 299 வீதம் தலா 3,887, மகனுக்கு 349 வீதம் 4,537. மொத்தம் 14,898. கூடியது 3,250 ரூபாய்.

28 நாள் மாதம் என்ற உத்தியைப் பற்றி அதிகம் பேசப்பட்டுவிட்டது, அதனால் இங்கே நீட்டவில்லை. ஆண்டுக்கு 12 மாதச் சம்பளமும் 13 ரீசார்ஜும் என்ற முரண்பாட்டுக்காகவே டிராய் 2022 ஜனவரியில், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் பேக் ஒன்றையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஜியோவின் 319 ரூபாய் மாதப் பேக்கை 12 தடவை போட்டால் 3,828. 299 பேக்கை 13 தடவை போட்டால் 3,887. வித்தியாசம் 59 ரூபாய். அந்த ஆணையை நிறுவனங்கள் மீறவில்லை, விலையை அதற்கேற்ப வைத்துக்கொண்டன.

அதைவிடப் பயனுள்ளது 2024 டிசம்பர் 23 அன்று டிராய் வெளியிட்ட திருத்தம். டேட்டா இல்லாமல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்றும், சிறப்புப் பேக்குகளின் அதிகபட்சச் செல்லுபடிக் காலம் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தப்படுகிறது என்றும் அது சொன்னது. நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் இன்னும் பட்டன் போன் வைத்திருப்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது. 2025 ஜனவரியில் ஏர்டெல் முதலில் 84 நாளுக்கு 499, ஆண்டுக்கு 1,959 என்று அறிவித்து, விமர்சனம் எழுந்தபின் சில நாட்களில் 469, 1,849 என்று குறைத்தது. ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748 என்று வைத்தது. ஆணை பிறந்து நான்கு மாதம் ஆகியும் இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. ரீசார்ஜ் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. யாரும் கேட்காததால் அவர் சொல்லவில்லை.

ஆயாவின் எண்ணை இந்தப் பேக்குக்கு மாற்றுவதில் விவாதமே இல்லை. குடும்பத் தலைவரின் எண்தான் யோசிக்க வைத்தது. 'நாளுக்கு 1.5 ஜிபி' என்ற அளவுமுறை தினமும் கரையில் உறங்குபவருக்காக வகுக்கப்பட்டது. நள்ளிரவில் மிச்சம் அழிந்துவிடும். 28 நாளில் பத்து நாள் மட்டும் கரையில் இருப்பவர் 42 ஜிபிக்குக் காசு கொடுத்து 15 ஜிபியைத்தான் தொட முடியும், அதையும் இவர் தொடுவதில்லை. அவருக்கும் அழைப்பு மட்டுமான பேக்கே போதும், கரையில் இருக்கும் நாட்களில் மகனின் ஹாட்ஸ்பாட் வீட்டுக்குள் எட்டும் என்று முடிவாயிற்று. முதலில் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நானே சம்பாரிச்சு நானே என் புள்ள கிட்ட நெட்டு கேக்கணுமா?" என்றார். அது கணக்கில் சேராத விஷயம், ஆனால் உண்மையான விஷயம். அரைமணி நேரம் கழித்து மனைவி சொல்லித்தான் சம்மதித்தார். மனைவியின் 299 ரூபாய் பேக்கில் கை வைக்கவில்லை, ஏலக் கூடத்தில் அவர் யாருடைய ஹாட்ஸ்பாட்டையும் நம்பி நிற்க முடியாது. மகனின் 349 இனி வீட்டுக்கே பொது நெட் என்பதால் அதையும் தொடவில்லை.

469 ரூபாய் பேக்கை ஆண்டு முழுவதும் போட்டால் ஒரு எண்ணுக்குச் சுமார் 2,038. புதிய ஏற்பாட்டில் மொத்தம் 12,500. முன்பிருந்ததைவிட 2,398 குறைவு. போன் கடையில் வட்டியில்லாக் கடனுக்குக் கொடுத்த கூடுதல் தொகையும் 2,398தான். இரண்டும் ஒத்துப்போனது தற்செயல். நான் இருமுறை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

1,849 ரூபாய் ஆண்டுப் பேக் போட்டால் எண்ணுக்கு இன்னும் 189 மிஞ்சும். அதைச் சொன்னபோது அந்தப் பெண்மணி சிரித்தார். தடை தொடங்கும் வாரத்தில் இரண்டு எண்ணுக்கும் சேர்த்து 3,698 ரூபாயை ஒரே நாளில் எடுத்துக் கொடுக்க வேண்டுமே. இந்த விலைப்பட்டியல்களில் மலிவானவை எல்லாம் மொத்தமாகக் கொடுப்பவருக்கே மலிவு. சில்லறையாகக் கொடுப்பவர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடக் கொடுக்கிறார். சர்க்கரையைக் கால் கிலோவாக வாங்குபவருக்கு இது புதிய செய்தி இல்லை.

எஞ்சியவை

பழைய 2017ஆம் ஆண்டுத் தொகைக்காக மறுபடி போராடலாமா என்றும் கேட்டார். சேவை நிறுவனங்களுக்கு எதிராக நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில், வோடபோன் ஐடியா தொடர்பான வழக்கில் உறுதிப்படுத்தியது. 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் நிபந்தனை முறிந்தது உண்மை, ரசீதுகள் இல்லை, அந்த எண்ணையும் அவர் 2019லேயே விட்டுவிட்டார். வேண்டாம் என்றேன். கடைக்காரர் பாதுகாப்புத் திட்டத்தைக் கட்டாயப்படுத்தியது பற்றி மட்டும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியச் சொன்னேன். பதிந்திருக்கிறார், இதை எழுதும்வரை கடையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை.

கணக்கு முடிந்த மறுநாள் மாலையே ஆயாவின் எண்ணுக்கும் குடும்பத் தலைவரின் எண்ணுக்கும் 84 நாள் பேக் போட்டாயிற்று. ஏப்ரல் 14இல் தொடங்கியது ஜூலை முதல் வாரம் வரை செல்லும். 61 நாள் தடையும், படகு மறுபடி கடலுக்குப் போய் முதல் பங்குப் பணம் கைக்கு வரும் வாரங்களும் அதற்குள் அடங்கிவிடும். அடுத்த ஆண்டும் தடைக்கு முந்தைய வாரமே போட வேண்டும் என்று நோட்டின் பின்னட்டையில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். தொகைக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டேன்.